மரமஞ்சளும் கண்ணாடிக் கிண்ணமும்

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி மாத்தளை நகரைக் கடந்து ஏறத்தாழ இரண்டு கல் சென்றதும் அலுவிகாரையை அடைகின்றது. அங்கே பெரும் பாறைகளின் இடுக்கிலே தொன்மையான குகைக்கோயில் ஒன்று இருக்கின்றது. அதனை அடுத்து வீதியோரமாக வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உள்ளன. கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், மிளகு, மஞ்சள் என்று ஒவ்வொரு செடியையும் மரத்தையும் காட்டி, அதனதன் குணத்தை வருவோர்க்கு எடுத்துரைக்கும் வழிகாட்டிகள் அத்தோட்டங்களில் உண்டு. அவர்கள் எடுத்துரைக்கும் குணங்களுள் அடிக்கடி காதில் விழுவது ஒன்று: "இது கிருமியைக் கொல்லும்."

இவ்வாக்கியம் கேட்பதற்குப் பழமையானது போலத் தோன்றினும் உண்மையில் வயதில் இளையது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் நோயை விளைவிக்கின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பாஸ்டர், கொக் முதலியோரால் ஐயமற நிறுவப்பட்டது. அதற்கு முந்திய நம் வைத்தியர்கள் வாதம், பித்தம், சிலேற்பனம் என்ற மூன்றையும் கொண்டே நோயை விளக்கினர். கிருமி என்ற சொல் அவர்கள் ஏடுகளிலும் வருகின்றது. ஆனால் அச்சொல் குடலிற் புழுவையும் குறிக்கும், புண்ணில் நெளிவதையும் குறிக்கும். ஆகவே, ஒரு மூலிகை புண்ணை ஆற்றும், காய்ச்சலைத் தணிக்கும் என்று பழைய ஏடு கூறுவது ஒன்று. அது பற்றீரியாவைக் கொல்லும் என்று இன்றைய வழிகாட்டி கூறுவது வேறொன்று. முன்னது நோயாளியின் உடலைக் கண்டு கூறியது. பின்னது ஆய்வுகூடத்திலிருந்து இரவல் வாங்கியது. இரவல் வாங்கிய சொல்லுக்கு ஆய்வுகூடத்தில் என்ன பொருள் என்று கேட்பது தகும் அன்றோ?

அக்கேள்வியை அலுவிகாரையில் நின்று கேட்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் இவ்விடத்திலேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வருத்திய காலம் அது. ஓதுவோர் இறந்துபடின் ஓதப்படுவதும் இறந்துபடும் என்ற அச்சமே அவர்களை எழுதத் தூண்டியது என்பர். எழுதிய பின்பு ஒருவர் நினைவிலிருந்தது பலர் கண்முன் வந்தது. ஒப்புநோக்கிப் பிழை காண இயன்றது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையும் அதன் ஏடுகளும் பெருஞ்சேதமுற்றன. எனினும், தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்து எழுத்தைத் துலக்கும் கலையை இன்றும் அங்கே காணலாம். இலங்கையின் நாட்டு வைத்தியமும் பெரும்பாலும் இத்தகைய ஓலைகளிலேயே வாழ்ந்தது. வடக்கே யாழ்ப்பாணத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் தமிழ் வைத்திய நூல்கள் பேணப்பட்டதும் அவ்வாறே.

மூலிகைகள் எத்தனையோ இருக்க, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பின்னே சென்றால் செய்தி தெளிவுறும். அது மரமஞ்சள். சிங்களத்தில் வெனிவெல் எனப்படுவது. சமையலுக்குப் பயன்படும் மஞ்சளுக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர உறவில்லை. ஈரவலயக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கட்டைக்கொடி இது. சீந்திலின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகம் பொன்போல் மஞ்சளாக இருக்கும். நாட்டு மருந்துக்கடைகளில் விறகுத் துண்டு போல விற்கப்படும். காய்ச்சல், தடிமன் என்றால் கொத்தமல்லியுடன் இதனை அவித்துக் குடிப்பது சிங்கள, தமிழ், முஸ்லிம் வீடுகள் அனைத்திலும் உள்ள வழக்கம். கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்பாடகம் ஆகியவற்றோடு இதனையும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டிய 'பஸ்பங்குவ' என்னும் ஐந்து பங்கு மருந்து இல்லாத கடை அரிது. காலில் ஆணி குத்தினாலும், துருப்பிடித்த தகரம் கீறினாலும், ஏற்புவலி வராதிருக்க மரமஞ்சட் குடிநீர் குடிக்கும் வழக்கமும் உண்டு. இக்கடைசிச் செய்தியே இங்கு முக்கியமானது. அதற்குப் பின்னர் வருவோம்.

மரமஞ்சளின் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணமான பொருள் பெர்பரின். அது பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது நெடுநாளாக அறியப்பட்டதே. ஆனால் 'தடுக்கும்' என்ற இவ்வொரு சொல்லை அடைய ஆய்வாளர் கடக்கும் படிகள் பல. முதற்படியிலேயே வழுக்கிவிழுவோர் உளர்.

அம்முதற்படி யாதெனின், கையிலுள்ளது எந்தச் செடி என்று அறிவது. மரமஞ்சள் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் வடபால் வைத்தியர் இதே பெயர்ப்பொருளில் வழங்கும் 'தாருஹரித்திரா' இமயமலைப் பக்கத்து முட்புதர் ஒன்று, குடும்பமே வேறு. நற்பேறாக இரண்டிலும் பெர்பரின் உண்டு. எல்லாப் பெயர்க் குழப்பமும் இவ்வாறு நன்மையாக முடிவதில்லை. சிங்களத்தில் 'பின் கொகொம்ப' என்றால் நிலவேம்பு என்றே பொருள். ஆனால் இலங்கை வைத்தியர் அப்பெயரால் குறிப்பது வேப்பங் குடும்பத்துச் சிறு செடியொன்றை. தமிழ்நாட்டில் நிலவேம்பு என்று அவிக்கப்படுவது முற்றிலும் வேறான செடி. முன்னது கிடைத்தற்கரியது, விலை கூடியது. ஆதலால் கடைகளில் பின்னது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. கடையில் வாங்கிய பொட்டலத்தை நம்பி ஆய்வு செய்தவர் எதை ஆய்ந்தார் என்பதை அவரே அறியார். இக்காரணத்தால், முறையான ஆய்வு எதுவாயினும், செடியின் பூவோ காயோ உள்ள கிளையொன்றை உலர்த்தி, தாவரவியலார் ஒருவரைக்கொண்டு அடையாளங் கண்டு, பேராதனைத் தாவரவியற் பூங்காவில் உள்ளது போன்ற உலர்தாவரத் தொகுதியில் வைத்துவிடும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஐயுறுவோரும் சென்று பார்க்கலாம்.

அடுத்த படி சாறெடுத்தல். வைத்தியர் தண்ணீரில் அவிப்பார். எட்டுக்கு ஒன்றாகவோ நாலுக்கு ஒன்றாகவோ வற்றக் காய்ச்சுவார். ஆய்வாளர் பெரும்பாலும் மதுசாரத்தில் ஊறவைப்பார். தண்ணீரில் கரையாத பல பொருள்கள் மதுசாரத்தில் கரையும். ஆகவே மதுசாரச் சாறு ஆய்வில் வலியதாகத் தோன்றும். அங்ஙனம் தோன்றியதைக் கொண்டு, வீட்டில் அவிக்கும் தண்ணீருக்கும் அதே வலிமை உண்டென்று கூறினால் அது நேர்மையன்று. மறுதலையாகவும் நிகழும். உள்ளிப்பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அலிசின் என்னும் பொருளைக் கவல்லிற்றோ, பெய்லி என்ற இருவர் 1944இல் பிரித்தெடுத்தனர்; அது பற்றீரியாவுக்குப் பகையானது; ஆனால் கொதிக்கவைத்தால் கெட்டுவிடும். சீன அறிவியலாளர் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது பழைய ஏடொன்று பச்சைமூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். அவிப்பது மருந்தை அழிக்கின்றதோ என்று ஐயுற்று, 1971இல் குறைந்த வெப்பத்திலே சாறெடுத்து வெற்றி கண்டார். 2015ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஏட்டில் எழுதியிருந்த செய்முறையையும் கருத்தூன்றிப் படித்ததன் பயன் அது.

இனிக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு வருவோம். பெத்திரிக் கிண்ணம் எனப்படுவது மூடியுள்ள தட்டையான வட்டக் கிண்ணம். அதிலே கடற்பாசியிலிருந்து பெறும் ஏகார் என்னும் பசையைச் சத்துப்பொருள்களோடு சேர்த்து ஊற்றினால், வெண்டயிர் போல் உறைந்து நிற்கும். அதன்மேல், அளவிட்ட தொகையான பற்றீரியாக்களைப் பஞ்சுக்குச்சியால் ஒரே சீராகத் தடவுவர். மூலிகைச்சாறு ஊட்டிய, 6 மில்லிமீற்றர் அகலமுள்ள வடிதாள் வில்லைகளை அதன்மேல் வைப்பர். ஏறத்தாழ உடற்சூட்டில் ஓரிரவு வைத்திருந்து மறுநாட் காலையில் பார்த்தால், கிண்ணம் முழுவதும் பற்றீரியா வெண்படலமாகப் படர்ந்திருக்கும். சாறு வலியதாயின் வில்லையைச் சுற்றி மட்டும் படலமற்ற தெளிந்த வட்டம் இருக்கும். அவ்வட்டத்தின் விட்டத்தை அடிமட்டங்கொண்டு அளப்பர். இம்முறையின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் வரையறுத்து, உலகெங்கும் ஒரே விதமாகச் செய்ய வழிசெய்தவர்கள் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தைச் சேர்ந்த பவர், கேர்பி, ஷெரிஸ், ரர்க் ஆகிய நால்வர். அவர்களுடைய கட்டுரை 1966இல் வெளியாயிற்று. ஆனால் அது செய்யப்பட்டது ஆஸ்பத்திரி நோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்று தேர்ந்தெடுப்பதற்காக. மூலிகைகளை எடைபோடுவதற்காக அன்று.

அவ்வட்டத்தின் கவர்ச்சி பெரிது. பள்ளி மாணவரும் அதனைக் கண்டவுடன் கைதட்டுவர். பல ஆய்வுகள் அவ்வட்டத்தோடு நின்றுவிடுவதற்கும் அக்கவர்ச்சியே காரணம் போலும். உண்மையில் வட்டம் சொல்வது மிகச் சிறிது. ஏகார் என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரில் எளிதாகப் பரவும் பொருள் பெரிய வட்டத்தைத் தரும்; எண்ணெய்ப் பசையுள்ள பொருள் வில்லையைவிட்டு நகராமல் இருந்துவிடும். கராம்பெண்ணெயின் பெரும்பகுதியான யூஜினோல், கறுவாப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமல்டிகைட்டு ஆகியவை பற்றீரியாவைத் தாக்க வல்லவை. ஆயினும் அவற்றின் வட்டம் அவற்றின் வலிமைக்கு அளவாகாது. மஞ்சளில் உள்ள குர்க்குமினோ தண்ணீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. மரமஞ்சளுக்கு வேறொரு தொல்லை: அதன் நிறமும் ஏகாரிலே பரவும். மஞ்சள் நிறம் ஊறிய எல்லையைத் தெளிந்த வட்டத்தின் எல்லையென்று கண் மயங்குதல் கூடும். சாற்றைக் கரைத்த மதுசாரமே பற்றீரியாவைக் கொன்றிருக்கலாம் என்பதால், மதுசாரம் மட்டும் ஊட்டி உலர்த்திய வில்லையொன்று அதே கிண்ணத்தில் இருக்கவேண்டும். அது இல்லாத ஆய்வு சாட்சியில்லாத வழக்குப் போன்றது.

ஒப்பீட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. ஜென்ரமைசின் என்னும் மருந்து ஊட்டிய வழக்கமான வில்லையில் இருப்பது 10 மைக்கிரோகிராம். பக்கத்து வில்லையில் 5 மில்லிகிராம் மூலிகைச்சாறு ஏற்றியிருந்தால் அது 500 மடங்கு எடை. இரண்டு வட்டமும் ஒரே அளவாக இருந்தமையால் மூலிகை மருந்துக்கு நிகர் என்று எழுதுவது, ஒரு மூடை நெல்லும் ஒரு பவுண் பொன்னும் ஒரே விலைக்குப் போனதால் நெல்லும் பொன்னும் நிகர் என்பது போலாகும்.

ஆதலின், வட்டத்தைக் கண்டபின் ஆய்வாளர் இரண்டாம் கேள்வியைக் கேட்கவேண்டும்: எவ்வளவு சிறிய அளவில் இது வேலை செய்கின்றது? அதற்கு வரிசையாகப் பல குழிகளிலே சத்துநீரை வைத்து, சாற்றை முதற்குழியில் ஒரு பங்கு, அடுத்ததில் அரைப் பங்கு, அதற்கடுத்ததில் காற்பங்கு என்று பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போவர். எல்லாவற்றிலும் பற்றீரியாவை இடுவர். மறுநாள் எந்தக் குழிவரை நீர் கலங்காமல் இருக்கின்றதோ அந்த அளவே தடைசெய்யும் மிகக் குறைந்த செறிவு. மூலிகைச்சாறு இயல்பிலேயே கலங்கலாக இருப்பதால், உயிருள்ள பற்றீரியா இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசசூரின் என்ற சாயத்தைச் சேர்ப்பதும் உண்டு. பச்சைச்சாறு ஒன்று ஒரு மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராமுக்குக் குறைந்த அளவில் வேலைசெய்தாற்றான் மேலும் ஆராயத்தக்கது என்றும், ஒரு மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவிலே ஆய்வதைத் தவிர்க்கவேண்டும் என்றும் ரியோஸ், ரெசியோ என்ற ஸ்பானிய ஆய்வாளர் 2005இல் எழுதினர். இந்தக் கோலைக் கொண்டு அளந்தால், அச்சேறிய வட்டங்கள் பலவற்றின் மதிப்புக் குறைந்துவிடும்.

இத்தகைய தேடல் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. பென்சிலின் வெற்றிபெற்ற சூட்டோடு, 1943இல் ஒஸ்போர்ன் என்னும் ஆய்வாளர் ஏறத்தாழ 2300 தாவர இனங்களின் சாற்றைச் சோதித்து முடிவை வெளியிட்டார். பற்றீரியாவைத் தடுக்கும் பொருள் 63 சாதிகளிலே காணப்பட்டது. இந்தியாவில் 1951இல் இலக்குமணபுரி என்னும் லக்னோவில் தொடங்கிய மத்திய மருந்தாராய்ச்சி நிலையம், நாட்டின் மூலிகைகளை வரிசையாகச் சோதித்து, 1968 முதல் பகுதி பகுதியாக முடிவுகளை வெளியிட்டது. இலங்கையில் 1962ஆம் ஆண்டு நாவின்னவில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பல்கலைக்கழகங்களும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. எனினும், இத்தனை ஆண்டு உழைப்பின் பின்னும், உயர் தாவரமொன்றிலிருந்து பெற்று, பென்சிலினைப் போல் உட்கொண்டு உடலெங்கும் பரவி நோயைத் தீர்க்கும் பற்றீரியா மருந்தாக உலக வைத்தியத்தில் நிலைபெற்றது எதுவுமில்லை. பூஞ்சணமும் மண்வாழ் நுண்ணுயிர்களும் தந்ததைச் செடிகொடிகள் தரவில்லை. ஏன்?

மரமஞ்சளே இதற்கு விடையின் ஒரு பகுதியைத் தருகின்றது. 1884இல் கிராம் என்ற தென்மார்க்கு வைத்தியர் பற்றீரியாக்களை ஒரு சாயத்தால் இரு பெருங் கூட்டமாகப் பிரித்தார். சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் கூட்டத்துக்குக் கிராம் நேர் என்றும், விட்டுவிடுவதற்குக் கிராம் மறை என்றும் பெயர். புண்ணைச் சீழ்கொள்ளச் செய்யும் ஸ்ரபைலோகொக்கசு நேர்க்கூட்டம். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஈ. கோலை மறைக்கூட்டம். மறைக்கூட்டத்துக்கு வெளியே மேலுமொரு போர்வை உண்டு; பெரும்பாலான மூலிகைச்சாறுகள் அப்போர்வையைக் கடக்க இயலாமல் நின்றுவிடுகின்றன. மரமஞ்சளும் நேர்க்கூட்டத்தின்மீதே நன்கு செயற்படுகின்றது. அக்கூட்டத்திலும் ஸ்ரபைலோகொக்கசிடம் ஒரு தந்திரம் உண்டு: உள்ளே நுழைந்த பெர்பரினை வெளியே இறைத்துத் தள்ளும் நுண்ணிய பம்பு ஒன்று அதன் மென்சவ்வில் இருக்கின்றது. ஓட்டைத் தோணியில் நீரை இறைப்பவன் போல் அது பெர்பரினை இறைத்துக்கொண்டே உயிர் வாழ்கின்றது.

செடியும் வாளாவிருப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்ரெர்மிட்ஸ், லூயிஸ் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு படித்து மகிழத்தக்கது. பெர்பரின் உள்ள முட்புதர்களிலேயே இன்னொரு பொருளும் இருப்பதை அவர்கள் கண்டனர். தனியே சோதித்தால் அது பற்றீரியாவை ஒன்றும் செய்வதில்லை, வட்டமே தராது. ஆனால் அது அந்தப் பம்பை அடைத்துவிடுகின்றது. பம்பு நின்றதும் பெர்பரின் உள்ளே தேங்கிப் பற்றீரியாவைக் கொல்கின்றது. கிண்ணத்தை மட்டும் நம்பி ஒவ்வொரு பொருளாகப் பிரித்துச் சோதித்தவர், இந்த இரண்டாம் பொருளைப் பயனற்றதென்று குப்பையில் எறிந்திருப்பார். இங்கிலாந்தின் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்தில் 2015இல் நிகழ்ந்ததும் இதற்கு இனமானது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆங்கிலேய வைத்திய ஏடொன்றில் கண்ணோய்க்குச் சொல்லிய மருந்தை, உள்ளி, வெங்காய இனம், திராட்சைமது, மாட்டுப் பித்தம் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது நாள் வைத்து, ஏட்டில் உள்ளபடியே செய்து பார்த்தனர். அது ஸ்ரபைலோகொக்கசை வலிதாகத் தாக்கிற்று. சரக்குகளைத் தனித்தனியே இட்டபோது அந்த ஆற்றல் காணப்படவில்லை. எமது வைத்தியரும் ஒற்றை மூலிகையை அரிதாகவே கொடுப்பர். கூட்டுமருந்தே அவர்கள் வழக்கம். கூட்டையும் கூட்டாகவே சோதித்தல் வேண்டும்.

கிண்ணம் காணாத இன்னொன்றும் உண்டு. வங்காளதேசத்தில், வயிற்றோட்டம் கண்ட வளர்ந்தோர் 165 பேரைக்கொண்டு செய்த சோதனையொன்று 1987இல் வெளியாயிற்று. ஈ. கோலையால் வந்த வயிற்றோட்டத்தில் 400 மில்லிகிராம் பெர்பரின் ஒரேயொரு வேளை கொடுத்ததில் நீர்ப்போக்கு நன்கு குறைந்தது. வாந்திபேதியில் பயன் சிறிதே. மேற்சொன்னவாறு, கிண்ணத்தில் ஈ. கோலை பெர்பரினுக்கு எளிதில் மசிவதில்லை. பின் எப்படிக் குறைந்தது? குடலில் நீர் சுரப்பதைப் பெர்பரின் தணிக்கின்றது என்றும், பற்றீரியா குடற்சுவரில் ஒட்டிக்கொள்வதைக் கொல்லாமலே தடுக்கின்றது என்றும் ஆய்வுகள் காட்டின. வயிற்றோட்டத்துக்குக் கசப்புக் குடிநீர் கொடுத்த பாட்டி முற்றிலும் பிழைபடவில்லை. அவள் சொல்லாத காரணத்தை அவள்மேல் ஏற்றியவர்களே பிழைபட்டனர்.

இனி, காலில் ஆணி குத்தியவனிடம் செல்வோம். அவனுக்கு மரமஞ்சட் குடிநீர் போதுமா? மேலே கண்டவை அனைத்தையும் இவ்விடத்திலே நிறுத்துப் பார்க்கவேண்டியிருக்கின்றது. ஏனெனில் இங்கே பிழைத்தால் போவது உயிர். பெர்பரின் வாயால் உட்கொள்ளப்படும்போது இரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குடலில் நின்று வேலைசெய்வதற்கு அது குணமாகலாம். உள்ளங்காற் புண்ணைச் சென்றடைவதற்கு அதுவே குறை. ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியாவோ காற்றுப்படாத ஆழமான புண்ணில் வளர்வது. சாதாரணக் கிண்ணத்தில், திறந்த காற்றில் அது வளராது. ஆகவே வழக்கமான கிண்ணச் சோதனைகள் அதனைப்பற்றி எதுவும் கூறவில்லை. மேலும், கொல்வது பற்றீரியா அன்று, அது கக்கும் நஞ்சு. அந்நஞ்சு நரம்பைப் பற்றிய பின்னர் பென்சிலினாலும் அதனை விடுவிக்க இயலாது. பற்றீரியாவைக் கொல்ல வல்ல பென்சிலினே இங்கு முழுக்காவல் ஆகாதெனின், மரமஞ்சளை என்னென்பது?

இதற்குக் காவல் ஏற்பூசியே. நஞ்சை வலியிழக்கச் செய்து ஊசியாக ஏற்றி, உடலே எதிர்ப்பொருளை முன்கூட்டி ஆக்கிவைக்கும் முறை 1920களில் பிரான்சில் உருவாயிற்று. இலங்கையில் குழந்தைகளுக்கு ஏற்புவலி உட்பட மூன்று நோய்களைத் தடுக்கும் ஊசி 1961இலும், கருவுற்ற தாய்மாருக்கு ஏற்பூசி 1969இலும் தொடங்கப்பட்டன. தொப்புள்கொடி வெட்டிய புண் வழியாகச் சிசுக்களைக் கொன்ற அந்நோய் இத்தீவிலிருந்து ஏறத்தாழ மறைந்தது அதன்பின்னரே. குடிநீர் அதற்கு முன்னும் இருந்தது. நோயும் உடன் இருந்தது. ஆகவே, புண்பட்டவன் செய்யத்தக்கது, சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு புண்ணை நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் சென்று ஊசி தேவையா என்று கேட்பது. வீட்டுக்கு வந்தபின் மரமஞ்சள் குடிப்பதை எவரும் தடுக்கப்போவதில்லை. ஆயினும் கருவுற்றவர்களும் பச்சிளங் குழந்தைகளும் அதனைத் தவிர்க்க வேண்டும். பெர்பரின் பிறந்த குழந்தையின் மஞ்சட்காமாலையை மிகுவிக்கக்கூடியது. நீரிழிவு உள்ளவர் காற்புண்ணுக்கு மஞ்சளரைத்துப் பூசிக்கொண்டு நாட்கடத்துவதும் இவ்வகையான பிழையே. அங்கே இழப்பது பெரும்பாலும் கால்.

இவ்வளவு சொன்னதால், மூலிகைச் சோதனை வீண்வேலை என்று கொள்ளற்க. மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தனர் என்று 2022இல் வெளியான கணக்கீடு கூறுகின்றது. பழைய மருந்துகள் மழுங்கிவருகின்றன. புதியவை அருமையாகவே வருகின்றன. பம்பை அடைக்கும் பொருள் போன்று, தானே கொல்லாமல் மழுங்கிய மருந்துக்குக் கூர்தரும் பொருள்கள் இன்னும் எத்தனையோ செடிகளில் இருக்கலாம். அவற்றைக் காண, வட்டம் அளக்கும் அடிமட்டம் போதாது. செய்முறை எழுதியுள்ள ஏட்டைப் பிழையறப் படிக்கத் தெரிந்தவர், செடியை அடையாளங் காணும் தாவரவியலார், இரசாயனவியலார், நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் ஆகிய அனைவரும் ஒரு மேசையில் அமரவேண்டும். பாழ்பட்டுவரும் ஓலைச்சுவடிகளைப் படித்துப் பதிவுசெய்யும் வேலையும் இவ்வகையில் மருந்தாராய்ச்சியின் ஒரு பகுதியே.

செடியும் இருக்கவேண்டும். மரமஞ்சள் தோட்டப்பயிரன்று, பெரும்பாலும் காட்டிலிருந்தே வெட்டி எடுக்கப்படுகின்றது. தண்டு விற்பனைக்கேற்ற பருமனடையப் பல ஆண்டுகள் செல்லும். வெட்டுவோர் அடியோடு வெட்டிவிடுவதே வழக்கம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அது அருகிவருவதற்கு இதுவே காரணம். விதை முளைக்கவும் நெடுநாள் எடுக்கும். முளைத்த கன்றை வெறுநிலத்தில் நட்டுப் பயனில்லை. இளமையில் அதற்கு நிழல் வேண்டும், வளர்ந்தபின் பற்றி ஏற மரம் வேண்டும். மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறிநிற்கும் மரங்களைப் போல அதற்கும் ஒரு மரத்தை முன்னரே நட்டுவைக்க வேண்டியிருக்கின்றது.